யாரும் எடுக்காத துண்டு

இருபத்தெட்டு வருடம் நான் பார்த்த வேலை என்னவென்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது. 'கம்ப்யூட்டர் ரிப்பேர்' என்று என் நாத்தனார் சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருக்கிறார். அதை நம்பி, விசேஷ வீடுகளில் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், செல்போனில் சார்ஜ் நிற்காததற்கு வழி கேட்டவர்கள் நிறையப் பேர். நானும் எதையாவது சொல்லி அனுப்பிவிடுவேன். ஒரே கோப்பை ஒரே நேரத்தில் இரண்டு பேர் திறந்து, இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்று உள்ளதைச் சொன்னால், "அதுக்கு ஒரு ஆளாங்க?" என்று கேட்பார்கள். கேட்டும் இருக்கிறார்கள்.

உங்களுக்கு அந்த விளக்கம் வேண்டியதில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். சர்வர், அனுமதி, பூட்டு எல்லாவற்றையும் என்னைவிட நன்றாகவே படித்துவிட்டு வந்திருப்பீர்கள். அதனால் பாடம் நடத்தப்போவதில்லை. ஒரு நாள் மதியம், ஒரு மணியை ஒட்டிக் கொஞ்ச நேரத்துக்குள் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அன்று ஒரு மனிதருக்கு எதுவும் ஆகாமல் போயிற்று. அந்த நிம்மதி இருப்பதால்தான் இன்று வீட்டில் உட்கார்ந்து காபி குடிக்க முடிகிறது. ஆகியிருந்தால் இதை எழுதும் தைரியம் எனக்கு வந்திருக்காது.

எங்களுடையது பம்ப் கம்பெனி. டிசைன் ஆபீஸ் பீளமேட்டில். மெஷின் ஷாப் பொள்ளாச்சி ரோட்டில், கிணத்துக்கடவு தாண்டி. பீளமேட்டில் படம் வரைவார்கள், லேத் எப்படி ஓட வேண்டும் என்று புரோகிராம் எழுதுவார்கள். மெஷின் ஷாப்பில் அதை இறக்கி லேத்தில் ஓட்டுவார்கள். எல்லாக் கோப்புகளும் என் அறையில் இருந்த ஒரே சர்வரில். ஆனால் அதைத் தொடும் கம்ப்யூட்டர்கள் மூன்று ஜாதி. படம் வரைபவர்களிடம் ஒன்று, புரோகிராம் எழுதுபவர்களிடம் இன்னொன்று, மெஷின் ஷாப்பில் எந்தக் காலத்திலோ யாரோ வாங்கிப்போட்ட மூன்றாவது ஒன்று. ஒன்று போட்ட பூட்டு இன்னொன்றின் கண்ணுக்கே தெரியாது.

நான் சேர்ந்த புதிதில் ஒரே வரைபடத்தை இரண்டு பேர் திறந்துவிட்டார்கள். ஒருவர் ஆறு ஓட்டையை எட்டு ஓட்டை ஆக்கினார். இன்னொருவர் கனத்தை மாற்றினார். இரண்டு பேரும் சேமித்தார்கள். கடைசியாகச் சேமித்தவருடையது நின்றது, எட்டு ஓட்டை காணாமல் போனது. எட்டு போட்டவரோ போட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். ஆறு ஓட்டையோடு ஒரு லோடு வார்ப்பு வந்து இறங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் மல்லுக்கட்டி, மூன்று ஜாதிக் கம்ப்யூட்டர்களும் ஒன்றின் பூட்டை ஒன்று மதிக்கும்படி செய்தேன். ஒருவர் ஒரு கோப்பைத் திருத்த எடுத்தால், அவர் விடும்வரை வேறு யாரும் அதைத் திருத்த முடியாது. மெஷினுக்கும் இறக்க முடியாது. பாதி திருத்திய புரோகிராம் லேத்துக்குப் போய்விடக் கூடாதே என்று இந்த இரண்டாவது ஏற்பாட்டை நானே யோசித்துச் சேர்த்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டு வந்ததும் எங்கள் ஆட்கள் அதற்கு ஒரு புது உபயோகம் கண்டுபிடித்தார்கள். உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜன்னல் வழியாக சீட்டில் துண்டைப் போட்டுவிட்டு, ஆள் பின்னால் நிதானமாகப் படியேறி வருவார். அதே பழக்கம் ஆபீசுக்கும் வந்துவிட்டது. காலையில் வந்ததும், சாயங்காலத்துக்குள் எது எது தேவைப்படுமோ அத்தனை கோப்புகளையும் திறந்து வைத்துவிடுவார்கள். பிறகு டீ குடிக்கப் போவார்கள். "அந்த ஃபைலுக்குத் துண்டு போட்டு வெச்சுட்டனுங்க" என்று பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்கள். பூட்டு என்ற வார்த்தையே ஆபீசில் மறைந்துபோய், எல்லோருக்கும் அது துண்டு ஆகிவிட்டது. எனக்கும்தான்.

இன்னொருவர் துண்டை எடுக்கச் சொல்லவும் யாருக்கும் வாய் வராது. நம் ஊர் மரியாதை உங்களுக்குத் தெரியாததா? பக்கத்து மேஜைக்காரரிடம் 'அந்த ஃபைலை மூடுங்க' என்று நேராகச் சொல்வதற்குப் பதில், என் அறை வாசலில் வந்து நிற்பார்கள். "ஏனுங்க மேடம், நான் கேட்டேன்னு அவருகிட்டச் சொல்லாம, அந்த ஃபைலை மட்டும் கொஞ்சம் எடுத்துக் குடுத்துருங்க." ஒரு நாளைக்குப் பத்துப் பேர். அதில் பாதி, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்கே போனவர்களின் துண்டுகள்.

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். காலை ஒன்பது, மதியம் ஒன்று, மாலை ஐந்து என்று மூன்று வேளை அது கிளம்பும். ஒவ்வொரு துண்டாகப் பார்க்கும். போட்டவரின் கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தால் விட்டுவிடும். பதில் இல்லையென்றால் துண்டை எடுத்து வீசிவிடும். அதற்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்தேன். என்னைக் கண்டக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வாசலில் கூட்டம் வருவது நின்றது. மூன்று வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அது ஓடுகிறது என்பதையே நான் மறந்துபோகும் அளவுக்கு ஒழுங்காக ஓடியது. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த நாளுக்கு வருகிறேன். காலையில் நடந்ததெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஆனால் நீங்கள் குழம்பக் கூடாது என்பதால் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

மெஷின் ஷாப்பில் அடுத்தடுத்து இரண்டு பெரிய லேத்துகள். அன்று காலை இரண்டுக்கும் புது ஜா மாட்டியிருந்தார்கள். வார்ப்பை இறுகக் கவ்விப் பிடித்துச் சுற்றும் தாடைக்குத்தான் அங்கே ஜா என்று பெயர். வார்ப்பு பெரியது என்பதால் ஜாவும் வழக்கத்தைவிட உயரம். அந்த உயரத்தைப் பீளமேட்டுக்குச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள். முதல் லேத்தை ஓட்டுபவர் பழனிச்சாமி, அங்கே மூத்த ஆள். பதினொரு மணிவாக்கில் முதல் பீஸை மெதுவாக ஓட்டிப் பார்த்திருக்கிறார். வெட்டும் டூல் ஜாவுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் வந்ததும் சிவப்புப் பட்டனை அடித்து நிறுத்திவிட்டார். முழு வேகத்தில் போயிருந்தால் டூல் ஜாவில் இடித்திருக்கும். உடைந்த இரும்பு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய லேத்துகள் அவை. நிற்பவருக்கும் சுற்றும் இரும்புக்கும் நடுவில் ஒரு கம்பி வலை, அவ்வளவுதான்.

பழனிச்சாமி உடனே நசீமாவுக்குப் போன் செய்தார். லேத் புரோகிராம்கள் எழுதுவது நசீமாவின் வேலை. கோட்டைமேட்டுப் பெண், ஆறு வருடமாக எங்களோடு இருந்தாள். "அண்ணா, ஓட்டாதீங்க. இப்பவே ஃபைலை எடுத்துடறேன், திருத்திட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, கோப்பைத் திருத்த எடுத்தாள். அதோடு அதன் மேல் துண்டு விழுந்தது. பாதி வேலையில் அவள் மேஜை இருந்த வரிசைக்கு மின்சாரம் கொடுக்கும் யு.பி.எஸ். போய்விட்டது. அவள் கம்ப்யூட்டர் அணைந்தது. சரிசெய்ய இரண்டு மணி நேரம் ஆகும் என்றார் எலக்ட்ரீஷியன். அதுவரை சும்மா உட்கார்ந்திருப்பதைவிட மெஷின் ஷாப்புக்கே போய், ஜாவை நேரில் அளந்து, அங்கிருக்கும் கம்ப்யூட்டரிலேயே திருத்திவிடலாம் என்று கிளம்பிவிட்டாள். துண்டு விழுந்திருக்கிறது, அதனால் அந்தப் புரோகிராமை யாரும் இறக்க முடியாது என்ற தைரியம். போன அவசரத்தில் செல்போனை மேஜையிலேயே விட்டுவிட்டாள்.

போகும்போது என்னிடம் சொல்ல வந்திருக்கிறாள். நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு நிமிடம் நின்றுவிட்டு, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று போய்விட்டாள். நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒளிக்கப்போவதில்லை. என் தங்கையிடம். ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் சம்பந்தி வீட்டாருக்குச் சந்தகை பிழிவதா, பிரியாணி போடுவதா என்று இருபது நிமிடம் பேசினோம்.

அங்கே மெஷின் ஷாப்பிலும் இதே கூத்துதான். பழனிச்சாமி விஷயத்தைச் சொல்ல மேனேஜரிடம் போயிருக்கிறார். மேனேஜர், வாடிக்கையாளர் அனுப்பிய இன்ஸ்பெக்டரோடு நின்றுகொண்டிருந்தார். "அப்புறம் பேசலாங்க பழனிச்சாமி" என்றிருக்கிறார். வெளியூரிலிருந்து வந்த விருந்தாளியை வைத்துக்கொண்டு 'மெஷின் இடிச்சுருமுங்க' என்று சொல்வது பழனிச்சாமிக்கு மரியாதையாகப் படவில்லை. சரிங்க என்று திரும்பிவிட்டார். பன்னிரண்டரைக்கு அவருடைய சாப்பாட்டு முறை வந்தது, கேன்டீனுக்குப் போனார்.

அந்த நேரத்தில்தான் இரண்டாம் லேத்தை ஓட்டும் செல்வராசு வந்து சேர்ந்தார். மகளுடைய கல்லூரி விஷயமாக அன்று அரை நாள் லீவு போட்டிருந்தார். காலையில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. செல்வராசு நெகமம் பக்கம். அந்த மகளின் கல்லூரி விண்ணப்பத்தை என் மேஜையில் உட்கார்ந்துதான் நிரப்பினோம். எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் அந்த மனிதர் வியர்த்துப்போனார். வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான் என்று நிரப்பியதும் நான்தான்.

இப்போது மணி பன்னிரண்டே முக்கால். மேனேஜரிடமிருந்து எனக்குப் போன்.

"அம்மணி, இந்தப் புது பம்ப் ஃபைல் மேல யாரோ துண்டு போட்டுட்டுப் போயிட்டாங்க. ரெண்டாம் லேத்துக்கு எறக்க முடியலீங்க. இன்ஸ்பெக்டர் வேற காத்திருக்காரு. கொஞ்சம் எடுத்துப்போடுங்க."

பார்த்தேன். நசீமாவின் பெயர். அவள் கம்ப்யூட்டருக்கு உயிர் இல்லை. நானே போட்ட விதிப்படி, யோசிக்காமல் எடுத்துவிட வேண்டிய துண்டு. எடுப்பதற்கான வரியைத் தட்டியும் விட்டேன். கடைசிப் பட்டனை அழுத்துவதுதான் பாக்கி.

விரல் நின்றுவிட்டது. ஏனென்றால் நசீமா துண்டு போடுகிற ஆள் இல்லை. ஆபீசிலேயே அவள் ஒருத்திதான் டீ குடிக்க எழுந்தால்கூடக் கோப்பை மூடிவிட்டுப் போவாள். இந்த ஆறு வருடத்தில் அவள் துண்டை எடுத்துக் கொடுங்கள் என்று ஒருவர்கூட என் வாசலில் வந்து நின்றதில்லை.

"கால் மணி நேரம் குடுங்க சார். அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்துடறேன்."

"கேக்கறதுக்கு என்னங்க இருக்குது? சிஸ்டம் ஆஃப் ஆயிருக்குதில்ல?"

"ஆமாங்க சார். இருந்தாலும் கேட்டுக்கறேன்."

"வர வர நீங்களும் தாலூக்கா ஆபீஸ் மாதிரி ஆயிட்டீங்க அம்மணி" என்று போனை வைத்தார். அவர் நல்ல மனிதர்தான். கோபம் வந்தாலும் 'ங்க' போகாது.

நசீமா இருக்கையில் ஆளில்லை. கேன்டீனில் தேடினேன், தொழுகைக்காக ஒதுங்கும் மாடி அறைப் பக்கம் ஆளனுப்பிப் பார்த்தேன். பிறகு அவள் நம்பருக்குப் போன் போட்டேன். நாலு மேஜை தள்ளி மணி அடித்தது. அவள் மேஜைக்குப் போனேன். போனுக்குப் பக்கத்தில் குறிப்பு நோட்டு திறந்து கிடந்தது. அதில் லேத்தின் ஜாவை வரைந்து, ஒரு அம்புக்குறி போட்டு, கீழே ஒரே ஒரு வார்த்தை எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தாள். இடிக்கும்.

எனக்கு லேத் ஓட்டத் தெரியாது. ஆனால் அந்த வார்த்தையைப் படிக்கத் தெரியும். துண்டை எடுக்காமல் விட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் நின்று என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொள்ள ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு மேனேஜரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. திரும்பவும் கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. காதில் போனோடு தற்செயலாகச் சுவரைப் பார்த்தேன். கடிகாரத்தில் மணி ஒன்று நாலு.

ஒரு மணிக்குக் கண்டக்டர் கிளம்பியிருக்கும்.

என் அறைக்கு ஓடினேன். துண்டு இல்லை. நான் எடுக்க மறுத்த துண்டை, நான் எழுதிய புரோகிராம், நான் சொல்லிவைத்த நேரத்தில் எடுத்துப் போட்டிருந்தது. ஒரு மணி ஒரு நிமிடத்துக்கு மெஷின் ஷாப்பிலிருந்து அந்தக் கோப்பை இறக்கியிருந்தார்கள். பழைய புரோகிராம், புது ஜா. லேத்துக்கு முன்னால் செல்வராசு.

அடுத்து நான் செய்தது சுத்த மடத்தனம். சர்வரை மொத்தமாக நிறுத்தினேன். பீளமேட்டிலும் மெஷின் ஷாப்பிலும் வேலை செய்துகொண்டிருந்த எல்லோருடைய கோப்பும் ஒரே அடியில் அறுந்தது. சேமிக்காதவர்களின் காலை வேலை போனது. இவ்வளவும் செய்து பிரயோஜனம் என்ன? புரோகிராம் ஏற்கனவே லேத்துக்குள் போய்விட்டது. இனி என் சர்வரில் எந்தக் கதவை அடைத்தாலும் அது நிற்காது. பயத்தில் கைக்கு எட்டியதைச் செய்தேன். எனக்கு எட்டியது சர்வர்தான்.

உட்கார்ந்து ஒரு மூச்சு விட்டேன். செல்வராசு வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துவிடுவார். லேத் சத்தத்தில் அங்கே இருக்கும் மேஜைப் போன் யாருக்கும் கேட்காது. அந்த இடத்தில் எப்போதும் போனை எடுக்கிற ஒரே ஆள் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டிதான். அவருக்குப் போட்டேன்.

"ஏனுங்க, ஓடிப் போயி ரெண்டாம் லேத்தை நிறுத்தச் சொல்லுங்க. செல்வராசை மெஷினை விட்டுத் தள்ளி வரச் சொல்லுங்க. போனை வெக்காதீங்க, அப்படியே போட்டுட்டு ஓடுங்க."

ஏன், எதற்கு என்று அந்த மனிதர் கேட்கவில்லை. "போறனுங்க" என்றார். ரிசீவர் மேஜையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு பொள்ளாச்சி ரோட்டில் லாரிகள் போகும் சத்தம். ஒரு பஸ்ஸின் ஹாரன். எங்கோ ஒரு ரேடியோ. அந்த விண்ணப்பத்தில் தகப்பனார் பெயர் என்ற கட்டத்தில் செல்வராசு என்று எழுதியது ஞாபகம் வந்தது. சாமியை எல்லாம் கூப்பிட்டேன். மருதமலை, பழனி, மாசாணியம்மன், யாரையும் விட்டுவைக்கவில்லை.

மூச்சு வாங்குகிற சத்தத்தோடு செக்யூரிட்டி திரும்பி வந்தார்.

"மெஷின் ஓடலீங்க மேடம்."

"நிறுத்திட்டாங்களா?"

"நிறுத்தலீங்க. ஆரம்பிக்கவே இல்லீங்க. பழனிச்சாமி அண்ணன் சாப்புடப் போகையில தோள்ல கெடந்த துண்டை எடுத்து இந்த ரெண்டாம் லேத்துப் பட்டனுக மேல போட்டுட்டுப் போயிருக்குறாரு. அவரு வந்து எடுக்கட்டுமுன்னு செல்வராசு கையக் கட்டிட்டு நின்னுட்டிருக்காருங்க."

நான் அழுதேன். அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடத்தில் அன்று ஒரு நாள்தான் அழுதிருக்கிறேன், அதுவும் சத்தமாக. யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்துவிட்டு, கண்டக்டரை நிறுத்தினேன். பிறகு சர்வரைத் திரும்ப எழுப்பினேன்.

அங்கே நடந்ததைச் செல்வராசு பிறகு சொன்னார். புரோகிராமை லேத்துக்கு இறக்கிவிட்டு, ஓட்டலாம் என்று வந்திருக்கிறார். பட்டன்களை மூடிக்கொண்டு பழனிச்சாமியின் காசித்துண்டு. மெஷின் ஷாப்பில் ஒருவர் துண்டு கிடக்கிற மெஷினை அவர் வராமல் இன்னொருவர் தொடுவதில்லை. அதை யாரும் எழுதி ஒட்டவில்லை, அங்கே அது வழக்கம். இன்ஸ்பெக்டரைச் சாப்பிடக் கூட்டிப்போன மேனேஜர் அந்தப் பக்கமாக வந்து, "எறக்கியாச்சுல்ல, ஓட்டுங்க" என்றிருக்கிறார். "அண்ணன் துண்டு கெடக்குதுங்க சார்" என்றிருக்கிறார் செல்வராசு. மேனேஜர் துண்டைப் பார்த்திருக்கிறார். "செரி, அவரு வந்தொடனே ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நசீமாவின் துண்டை எடுத்துப்போடச் சொன்ன அதே மேனேஜர்தான்.

ஒன்றே காலுக்கு நசீமா பஸ்ஸிலிருந்து இறங்கி வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தாள். கேன்டீனிலிருந்து பழனிச்சாமியும் வந்தார். ஜாவை அளந்து, புரோகிராமைத் திருத்தி, மெதுவாக ஓட்டிப் பார்த்து, நாலு மணிக்கு முதல் பீஸை இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவருக்கு எதுவும் தெரியாது.

சாயங்காலம் மேனேஜர் பீளமேட்டுக்கு வந்தார். சர்வரை நிறுத்தியதற்குச் சண்டை பிடிக்கத்தான் வந்தார். நான் ஒன்று விடாமல் சொன்னேன், சந்தகை, பிரியாணி உட்பட. நசீமாவும் நின்றுகொண்டிருந்தாள். "நீங்க போன்ல பேசிட்டிருந்தீங்கக்கா, அதான்" என்று அவள் சொன்னபோது மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். பழனிச்சாமிக்கு அவர் சொன்ன 'அப்புறம்' அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அந்தக் கண்டக்டரை ஊட்டுக்கு அனுப்பிப்போடுங்க அம்மணி" என்றார் கடைசியில்.

"மத்தியானமே அனுப்பிட்டனுங்க சார்."

அடுத்த நாள் ஒவ்வொரு மேஜையாகப் போய், வேலை பறிபோனவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அடுத்த வாரம் புது ஏற்பாடு வந்தது. துண்டு போடுகிறவர் எதற்காகப் போடுகிறார் என்று ஒரு வரி எழுத வேண்டும். போட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் யார் துண்டையும் நான் எடுப்பதில்லை. அவர் கிடைக்கவில்லை என்றால், அந்தக் கோப்பு போய்ச் சேரும் மெஷின் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பேன். என் கதவில் ஒரு காகிதம் ஒட்டினேன்: 'போன் பேசிக்கொண்டிருந்தாலும் உள்ளே வரலாம்.' வாசலில் பழையபடி பத்துப் பேர் வந்து நின்றார்கள். நான் ஓய்வு பெறும்வரை வந்து நின்றார்கள். தொந்தரவாகத்தான் இருந்தது.

நீங்களும் ஒரு நாள் ஒரு கண்டக்டரை எழுதுவீர்கள். எழுதாதீர்கள் என்று சொல்லமாட்டேன், சொன்னால் கேட்கவும் மாட்டீர்கள். ஒரு கம்ப்யூட்டர் பதில் சொல்லவில்லை என்றால் அந்தக் கம்ப்யூட்டர் பதில் சொல்லவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் என்ன நினைத்துப் பூட்டினார் என்பது உங்கள் திரையில் தெரியாது. எழுந்துபோய்க் கேளுங்கள். நீங்கள் எழுதி வைத்த எதுவும், நீங்கள் வேறு முடிவு எடுத்த பிறகும் பழைய முடிவின்படி ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். நான் மறந்தேன். என்னைக் காப்பாற்றியது என் திறமை இல்லை.

பத்து நாள் கழித்து மெஷின் ஷாப்புக்குப் போனேன். பழனிச்சாமி முதல் லேத்தில் இருந்தார். நன்றி சொன்னால் சங்கடப்படுவார் என்று தெரியும், அதனால் கேள்வியாகக் கேட்டேன்.

"ஏனுங்க, ஃபைலை எடுத்துட்டேன்னு நசீமா உங்ககிட்டப் போன்லயே சொல்லிட்டாளே. அது பூட்டியிருக்குதுன்னு தெரிஞ்சும் எதுக்கு உங்க துண்டைப் போட்டீங்க?"

அவர் அந்தத் துண்டிலேயே கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அந்தப் பூட்டு எங்கியோ பீளமேட்டுல இருக்குதுங்க மேடம். அதை யாரு எடுப்பாங்க, எப்ப எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. என்ற துண்டு இங்க இருக்குது. எடுக்கறவன் சாயங்காலம் என்ற மூஞ்சியப் பாக்கோணுமில்லீங்க?"

இரண்டாம் லேத் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நாங்கள் பேசியது செல்வராசுக்குக் கேட்டிருக்காது. என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த இரண்டு கைகளையும் சேர்த்து வணக்கம் வைத்தார். அந்த இரண்டு கைகளையும் பார்த்தபடியே நானும் வைத்தேன்.